மைக்ரோசாஃப்ட் தலைமை மாற்றங்களும் பறத்தல் பாவனை ஆர்வலர்களும்: அருப்புக்கோட்டை வானத்திலிருந்து ஒரு பார்வை

முன்னுரை

விமானத்தை ஓட்டும் அனுபவத்தைக் கணினித் திரையில் உண்டாக்கித் தரும் மென்பொருள் பறத்தல் பாவனை மென்பொருள் எனப்படும். பேச்சு வழக்கில் ஃபிளைட் சிமுலேட்டர் என்பார்கள். இதைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. இதில் எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை. ஓடுபாதையில் ஓடி எழும்புவதும், காற்றின் போக்கறிந்து திசை திருத்துவதும், எரிபொருளைக் கணக்கிடுவதும், பத்திரமாகத் தரையிறங்குவதுமே இதன் பயன். ஓய்வுபெற்ற விமானிகள் முதல் பள்ளி மாணவர்கள் வரை உலகெங்கும் இதற்கு ஆர்வலர்கள் உண்டு.

இத்துறையில் நீண்ட வரலாறு கொண்டது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். 1982இல் வெளிவந்த இது, விண்டோஸ் இயங்குதளத்துக்கும் மூத்தது. நாற்பது ஆண்டுகளில் பில் கேட்ஸ், ஸ்டீவ் பால்மர், சத்யா நாதெள்ளா என மூன்று தலைமைச் செயல் அலுவலர்களின் காலத்தை இது கண்டிருக்கிறது. ஒருவர் காலத்தில் வளர்ந்தது, ஒருவர் காலத்தில் நிறுத்தப்பட்டது, மற்றொருவர் காலத்தில் மீண்டும் பிறந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட இம்முடிவுகள் மதுரைக்குத் தெற்கே உள்ள ஒரு வறண்ட சீமையைத் திரையில் எப்படி மாற்றின என்பதைக் கொண்டு அந்த வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி நிலப்பரப்பு

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. கரிசல் மண்ணும், மழையை நம்பிய புன்செய்யும், எங்கும் பரவிய சீமைக்கருவேலமும் இந்நிலத்தின் அடையாளங்கள். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்றது. திருச்சுழி இரமண மகரிசி 1879இல் பிறந்த ஊர். அதனை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் கண்மாய்கள் சித்திரைக்குள் வெடித்து வறண்டுவிடும்.

இந்தச் சீமையில் விமான நிலையம் இல்லை. மிக அருகில் உள்ளது மதுரை விமான நிலையம். சர்வதேசக் குறியீட்டில் அதன் பெயர் விஓஎம்டி. அங்கிருந்து அருப்புக்கோட்டை ஏறக்குறைய நேர்தெற்கே, பறவை பறக்கும் தூரத்தில் 36 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்கு இது பத்து நிமிடப் பயணம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே பறந்தால் மூன்று, நான்கு நிமிடத்தில் திருச்சுழி வந்துவிடும்.

இப்படிச் சாலை, ரயில் பாதை, ஆறு, குளம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து வழி அறிந்து பறப்பது விமானப் பயிற்சியின் அடிப்படைப் பாடம். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கான செலவு பல பத்து இலட்சம் ரூபாய். நெசவையும் மானாவாரி விவசாயத்தையும் நம்பிய வீடுகளுக்கு அது எட்டாத தொகை. வீட்டுக் கணினியில் பறந்த நேரம் அந்த 200 மணியில் சேராது. ஆனாலும் விமானி அறையின் கருவிகளையும் வான்வழி விதிகளையும் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சிற்றூர் மாணவருக்குக் கிடைக்கும் எளிய வழி இதுதான். ஆகவே இம்மென்பொருள் எந்தக் கணினியில் ஓடும், என்ன விலைக்குக் கிடைக்கும், எவ்வளவு காலம் நீடிக்கும் என்பவை அவருக்குச் சிறிய கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை சொல்லும் இடத்தில் இருப்பது நிறுவனத்தின் தலைமை.

தொடக்கம்: ஆர்ட்விக்கும் சப்லாஜிக்கும்

இம்மென்பொருளை உருவாக்கியவர் புரூஸ் ஆர்ட்விக். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பறக்கும் காட்சியைக் கணினித் திரையில் வரைவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். பின்னர் சப்லாஜிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1980ஆம் ஆண்டையொட்டி ஆப்பிள் 2 கணினிக்கு முதல் பதிப்பை வெளியிட்டார். அதில் நிலம் என்பது சில கோடுகளும் கட்டங்களும்தான்.

அதன் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் பெற்று, 1982 நவம்பரில் ஐபிஎம் கணினிக்கான பதிப்பை வெளியிட்டது. பறப்பதற்கு அமெரிக்காவின் நான்கு பகுதிகள் மட்டுமே இருந்தன. ஆயினும் அந்தக் காலத்தில் இதற்கு வேறொரு மதிப்பும் இருந்தது. கணினியின் வன்பொருளை நேரடியாகவும் நுணுக்கமாகவும் பயன்படுத்திய மென்பொருள் இது. எனவே, பிற நிறுவனங்கள் செய்த கணினிகள் ஐபிஎம் கணினியோடு உண்மையிலேயே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, லோட்டஸ் 1-2-3 கணக்கீட்டு மென்பொருளையும் இதையும் ஓட்டிச் சோதிப்பது வழக்கமாயிற்று. வணிக நிறுவனம் ஒன்று ஒரு பொழுதுபோக்கு மென்பொருளை விடாமல் வைத்திருந்ததற்கு இதில் ஒரு காரணம் தெரிகிறது. அது விளையாட்டாக விற்றதோடு, கணினியின் திறனைக் காட்டும் கண்ணாடியாகவும் நின்றது.

கேட்ஸ் காலம்: உலகம் விரிந்த ஆண்டுகள்

ஆர்ட்விக் 1988இல் சப்லாஜிக்கை விட்டு விலகித் தன் பெயரிலேயே வேறு நிறுவனம் தொடங்கினார். அந்நிறுவனத்தை 1995 இறுதியில் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. வெளியே இருந்து உரிமம் பெற்று விற்ற பொருள், அன்றிலிருந்து நிறுவனத்தின் சொந்தப் பொருளாயிற்று. இதைத் தொடர்ந்து உருவாக்கிய உள்குழு பின்னாளில் ஏசஸ் ஸ்டூடியோ எனப் பெயர் பெற்றது.

இந்த மாற்றத்தில் நன்மையும் தீமையும் சேர்ந்தே வந்தன. பெரிய நிறுவனத்தின் பணமும் ஆட்களும் கிடைத்ததால் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு புதிய பதிப்பு வந்தது. அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் தொடங்கிய உலகம் முழு உருண்டையாக விரிந்தது. அதே நேரத்தில், உருவாக்கியவரின் கையில் இருந்த கடைசி முடிவு நிறுவனத் தலைமையின் கைக்குப் போய்விட்டது. வளர்ச்சி இருந்த வரை இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இக்காலத்தில் ஆர்வலர்களின் உலகமும் உருவானது. புதிய விமானங்கள், ஓடுபாதைகள், நிலக்காட்சிகள் ஆகியவற்றைத் தனியாரும் சிறு நிறுவனங்களும் செய்து இணைக்க மென்பொருள் இடம் கொடுத்தது. 1998இல் ஐவாவோவும் 2001இல் வாட்சிமும் தோன்றின. இவை இணையத்தின் வழியே பாவனை விமானிகளையும் பாவனை வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் ஒரே வானத்தில் சேர்க்கும் தன்னார்வ வலையமைப்புகள். ஒருவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையாக இருந்து பேச, மற்றொருவர் மதுரையிலிருந்து கிளம்பி அவர் சொற்படி பறக்கலாம்.

பால்மர் காலம்: 2009 சனவரி

2000 சனவரியில் பில் கேட்சுக்குப் பிறகு ஸ்டீவ் பால்மர் தலைமைச் செயல் அலுவலரானார். அவர் காலத்தில் சிமுலேட்டர் உடனே நலிந்துவிடவில்லை. 2001, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய பதிப்புகள் வந்தன. எஃப்எஸ்எக்ஸ் எனப்படும் 2006 பதிப்பில் 24,000 விமான நிலையங்கள் இருந்தன.

ஆனால் நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவின் மையம் இடம் மாறிவிட்டது. 2001இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டி வந்தபின், தொலைக்காட்சி முன் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளே முதன்மை பெற்றன. விசைப்பலகையும் ஜாய்ஸ்டிக்கும் தடித்த கையேடும் வேண்டும் சிமுலேட்டர், அந்தத் திட்டத்தில் ஓரத்துக்குப் போனது. 2008 சூன் மாதம் கேட்ஸ் அன்றாடப் பணியிலிருந்து விலகினார். அதே ஆண்டில் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது.

2009 சனவரி 22 அன்று மைக்ரோசாஃப்ட், காலாண்டு இலாபம் 11 சதவீதம் குறைந்ததாக அறிவித்தது. 5,000 பேர் வரை வேலையிழப்பர், அவர்களில் 1,400 பேர் அன்றே நீக்கப்படுகின்றனர் என்றும் கூறியது. அந்த அலையில் ஏசஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது. இருபத்தாறு ஆண்டு தொடர்ந்து வந்த வரிசை ஒரே நாளில் நின்றது.

அடுத்து வந்த முயற்சி ஆர்வலர்களை மேலும் வருத்தியது. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் என்ற பெயரில் 2012 பிப்ரவரி 29 அன்று வேறொரு குழு செய்த புதிய விளையாட்டு வந்தது. அது இலவசம்தான். ஆனால் பறக்கக் கிடைத்த இடம் அவாய்த் தீவு மட்டுமே. மற்றத் தீவுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வெளியார் செய்த விமானங்களையோ நிலக்காட்சிகளையோ இணைக்க வழியில்லை. எஃப்எஸ்எக்ஸில் மதுரையில் எழும்பி மாலத்தீவு வரை போக முடிந்தவருக்கு, இந்தப் புதிய உலகில் மதுரையே இல்லை. ஐந்து மாதத்துக்குள், 2012 சூலையில், அதன் உருவாக்கமும் கைவிடப்பட்டது.

இடைக்காலம்: ஆர்வலர்கள் காத்த ஆண்டுகள்

2006 பதிப்புக்கும் அதன் உண்மையான வாரிசுக்கும் இடையே பதினான்கு ஆண்டு இடைவெளி விழுந்தது. கணினித் துறையில் இது ஒரு தலைமுறைக்கு மேல். ஆயினும் பறப்பவர்கள் பறந்துகொண்டே இருந்தார்கள். அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, மென்பொருள் அவர்கள் கையில் இருந்தது. எஃப்எஸ்எக்ஸ் இரண்டு டிவிடிகளில் வந்தது. உலகம் முழுவதும் அந்த வட்டுகளுக்குள் அடங்கியிருந்தது. நிறுவனம் கைவிட்ட பின்னும் இணைய இணைப்பு இல்லாத கணினியிலும் விமானம் எழும்பியது. விட்டுவிட்டு வரும் இணைப்போடு வாழ்ந்த சிற்றூர்களுக்கு இது பெரிய வசதி.

இரண்டாவது, இணைப்புப் பொருள்களைச் செய்தவர்கள் நிறுத்தவில்லை. பிஎம்டிஜி, ஏரோசாஃப்ட், ஆர்பிஎக்ஸ் போன்ற நிறுவனங்களும், ஊதியம் கருதாத எண்ணற்ற தனியாரும் விமானங்களையும் நிலையங்களையும் நிலக்காட்சிகளையும் செய்து வந்தனர். ஒரு நிறுவனம் விட்டுப்போன வீட்டை அதில் குடியிருந்தவர்களே பூசி மெழுகிக் காத்தார்கள் என்று சொல்லலாம்.

மூன்றாவது, பழைய மூலநிரல் வேறு கைகளுக்குச் சென்றது. ஏசஸ் மூடப்பட்ட ஆண்டிலேயே லாக்கீட் மார்ட்டின் நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்று, 2010இல் பிரிபேர்டு என்ற பெயரில் வெளியிட்டது. அது பயிற்சிக்கும் கல்விக்கும் உரியது, பொழுதுபோக்குக்கு உரியதன்று என்பது அதன் உரிம நிபந்தனை.

இந்தக் காலத்தின் எல்லையும் தெளிவாகவே தெரிந்தது. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருள். எவ்வளவு நல்ல கணினி வாங்கினாலும் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அதனால் பயன்படுத்த முடியாது. நுணுக்கமான விமானத்தையும் நிலையத்தையும் சேர்த்து ஏற்றினால், நெடுந்தூரம் பறந்து இறங்கும் வேளையில் நினைவகம் தீர்ந்து மென்பொருள் நின்றுவிடும். ஆர்வலர்களால் வீட்டைப் பூச முடிந்தது. அடித்தளத்தை மாற்ற முடியவில்லை. அந்த உரிமை நிறுவனத்திடமே இருந்தது.

நாதெள்ளா காலம்: மறுபிறப்பு

2014 பிப்ரவரி 4 அன்று சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்டின் மூன்றாவது தலைமைச் செயல் அலுவலரானார். 1967இல் ஐதராபாத்தில் பிறந்தவர், மணிப்பாலில் பொறியியல் படித்தவர் என்பதால் இந்தியாவில் இச்செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. அவர் அதுவரை கவனித்து வந்தது மேகக் கணிமைப் பிரிவு. அதாவது, கணிப்பையும் சேமிப்பையும் பயனரின் மேசையில் வைக்காமல், தொலைவில் உள்ள தரவு மையங்களில் வைத்து இணையம் வழியே வழங்கும் தொழில். நிறுவனத்தின் எதிர்காலமே அதில்தான் என்பது அவர் கொள்கை. 2015இல் புணே, மும்பையோடு சென்னையிலும் அந்நிறுவனத்தின் அசூர் தரவு மையம் தொடங்கப்பட்டது.

சிமுலேட்டருக்கு இந்தத் தலைமை மாற்றம் உடனே நன்மை தந்துவிடவில்லை. 2014 சூலையில் அதன் உரிமம் டவ்டெயில் கேம்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் 18,000 பேர் வரை வேலைநீக்கம் அறிவித்தது. டவ்டெயில் அவ்வாண்டு திசம்பரில் எஃப்எஸ்எக்ஸை ஸ்டீம் இணையக் கடையில் மறுவெளியீடு செய்தது. 2017இல் அது தொடங்கிய ஃபிளைட் சிம் வேர்ல்டு அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது.

திருப்பம் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தபோது வந்தது. 2014 மார்ச்சில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவரான ஃபில் ஸ்பென்சர், 2017இல் நாதெள்ளாவுக்கு நேரடியாகப் பொறுப்பான தலைமைக் குழுவில் சேர்க்கப்பட்டார். விளையாட்டுப் பிரிவின் குரல் மேல்மட்டத்தில் ஒலிக்க வழி பிறந்தது. அதே ஆண்டில், மாதச் சந்தா கட்டிப் பல விளையாட்டுகளை ஆடும் கேம் பாஸ் திட்டம் தொடங்கியது. தனித்து விற்றால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற பழைய கணக்குக்குப் பதிலாக, சந்தாதாரர்களின் பட்டியலில் எத்தனை வகையான ரசனைக்கு இடம் இருக்கிறது என்ற புதிய கணக்கு வந்தது. சிறுபான்மையினரின் பொழுதுபோக்கான சிமுலேட்டருக்கு இந்தக் கணக்கு சாதகமாக அமைந்தது.

யோர்க் நாய்மன் தலைமையில், பிரான்சின் போர்தோ நகரில் உள்ள அசோபோ ஸ்டூடியோ புதிய சிமுலேட்டரை உருவாக்கியது. 2019 சூனில் அறிவிக்கப்பட்டு, 2020 ஆகத்து 18 அன்று அது வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடத் தரவு 2 பெட்டாபைட் அளவில் அதற்கு நிலமாயிற்று. அந்தத் தரவு அசூர் மையங்களிலிருந்து இணையம் வழியே வந்தது. ஆஸ்திரியாவின் பிளாக்‌ஷார்க் நிறுவனம், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செயற்கைக்கோள் படங்களிலிருந்து 150 கோடி கட்டிடங்களை எழுப்பித் தந்தது. விமான நிலையங்களின் எண்ணிக்கை 37,000 ஆனது. 1982இல் ஐபிஎம் கணினியின் திறனுக்குக் கண்ணாடியாக இருந்த மென்பொருள், 2020இல் மேகக் கணிமையின் திறனுக்குக் கண்ணாடியாயிற்று.

திரையில் தெரிந்த கரிசல் நிலம்

இந்த மாற்றத்தை அருப்புக்கோட்டை வானிலிருந்து பார்த்தால் எளிதில் விளங்கும்.

எஃப்எஸ்எக்ஸ் போன்ற பழைய பதிப்புகளில் நிலம் வகைப்படுத்தப்பட்டிருந்தது. இது வயல், இது காடு, இது ஊர் என்று வகை குறித்து, ஒவ்வொரு வகைக்கும் ஆயத்தமாக வைத்த படத்தைப் பாய்போல் விரித்துவிடுவார்கள். முதன்மைச் சாலைகளும் கடற்கரையும் மட்டும் கோட்டுத் தரவாக இருக்கும். மதுரையிலிருந்து தெற்கே பத்து நிமிடம் பறந்தால் கணக்குப்படி அருப்புக்கோட்டை வந்திருக்கும். ஆனால் கீழே தெரிவதை வைத்து அதுதான் என்று சொல்ல முடியாது. உலகின் ஏதோ ஒரு வயல்வெளி எந்த ஊருக்கும் பொருந்தும் முகத்தோடு விரிந்து கிடக்கும்.

புதிய பதிப்பில் நிலத்தின் தோல் உண்மையான செயற்கைக்கோள் படம். ஆகவே மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையைப் பிடித்துக்கொண்டு காரியாபட்டியைக் கடந்து அருப்புக்கோட்டைக்கு வரலாம். அங்கிருந்து ரயில் பாதை வழியே திருச்சுழிக்குத் திரும்பலாம். குண்டாற்றின் மணல் வளைவையும் கண்மாய்க் கரைகளின் பிறை வடிவத்தையும் கொண்டு வழி அறியலாம். கண்ணால் பார்த்துப் பறக்கும் பாடம், இந்தச் சீமையின் மாணவருக்குச் சொந்த ஊரின் மேலேயே சாத்தியமாயிற்று.

குறைகளும் இருந்தன. வரைபடத்தில் நீர்நிலை என்று குறிக்கப்பட்ட இடத்தில் மென்பொருள் நீரைக் காட்டும். ஆண்டில் சில மாதம் மட்டுமே நீர் காணும் கண்மாயின் இயல்பு அதற்குத் தெரியாது. வீடுகளின் வடிவத்தையும் செயற்கை நுண்ணறிவு ஊகித்தே எழுப்புகிறது. ஆகவே கூரையின் அளவு சரியாக இருந்தாலும் வீட்டின் முகம் நம்மூர் முகமாக இருப்பதில்லை. கையால் நுணுக்கமாக வடிக்கப்பட்ட விமான நிலையங்களில் பூடானின் பாரோவும் நேபாளத்தின் லுக்லாவும் இருந்தன. மதுரை, கணினி தானே உருவாக்கிய ஆயிரக்கணக்கான நிலையங்களில் ஒன்று. 2020, 2021 ஆண்டுகளில் வந்த முதல் ஆறு உலகப் புதுப்பிப்புகள் ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் - அயர்லாந்து, பிரான்சு மற்றும் அண்டை நாடுகள், நார்டிக் நாடுகள், செருமனி மற்றும் அண்டை நாடுகள் ஆகியவற்றுக்கு உரியவை. வாங்குவோர் மிகுந்த நாடுகளுக்கு முதலிடம் என்பது இதில் தெரிகிறது. தலைமைச் செயல் அலுவலர் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் இந்த வரிசை மாறிவிடவில்லை.

மேகத்தின் விலை

புதிய உலகத்தைப் பெற ஆர்வலர்கள் கொடுத்த விலை பணம் மட்டுமன்று.

முதலில் கணினி. 2020 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமும், 150 ஜிபி சேமிப்பிடமும், தனி வரைகலை அட்டையும் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் வட்டில் விற்கப்பட்டபோது 10 டிவிடிகள் தேவைப்பட்டன. எஃப்எஸ்எக்ஸ் ஓடிய பழைய கணினிகள் இதற்கு உதவாமல் போயின.

அடுத்து இணையம். குறைந்தது நொடிக்கு 5 மெகாபிட், பரிந்துரைக்கப்பட்டது 20, சிறப்பாக ஓட 50 என்று நிறுவனமே வரையறுத்தது. 2016இல் ஜியோ வந்தபின் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் தரவு மலிவானது. ஆனால் கைப்பேசியின் நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்ற திட்டத்தை நம்பி இம்மென்பொருளைத் தரவிறக்க முடியாது. கண்ணாடி இழை இணைப்பு உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே புதிய கோடு விழுந்தது. இணைப்பு அறுந்தாலும் பறக்கலாம். ஆனால் கண்மாயும் ரயில் பாதையும் உள்ள சொந்த நிலம் மறைந்து, பழையபடி பொதுவான நிலம் வந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சார்பு. 2024 நவம்பர் 19 அன்று அடுத்த பதிப்பு வெளிவந்தது. நிறுவும் அளவைக் குறைத்து, பெரும்பகுதியை இணையத்திலிருந்தே பெறும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. வெளியான நாளில் திரண்ட கூட்டத்தைச் சேவையகங்கள் தாங்கவில்லை. பணம் கட்டியவர்கள் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அது சில நாள்களில் சீராயிற்று. எனினும் ஒரு கேள்வியை அது விட்டுச் சென்றது. 2009இல் தலைமை கைவிட்டபோது வட்டுகள் ஆர்வலர்களிடம் இருந்தன. நாளை வேறொரு தலைமை வந்து சேவையகங்களை அணைக்க முடிவு செய்தால், அவர்களிடம் என்ன மிஞ்சும்?

தலைமை மாற்றம் மட்டுமே காரணமா?

பால்மர் மூடினார், நாதெள்ளா திறந்தார் என்று இந்த வரலாற்றைச் சுருக்குவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பால்மர் காலத்தில்தான் ஆர்வலர்கள் நெடுங்காலம் போற்றிய மூன்று பதிப்புகள் வந்தன. 2009 முடிவுக்குப் பின்னால் உலக நெருக்கடி இருந்தது. நாதெள்ளா வந்த ஆண்டில் சிமுலேட்டர் வெளியாருக்கு உரிமமாகக் கொடுக்கப்பட்டதேயன்றி, மீட்கப்படவில்லை. செயற்கைக்கோள் படங்களும், அவற்றை அனுப்பும் இணைய வேகமும், கட்டிடங்களை ஊகிக்கும் நுண்ணறிவும் கைகூடாத காலத்தில் எந்தத் தலைவராலும் 2020 பதிப்பைச் செய்திருக்க இயலாது.

அப்படியானால் தலைமை மாற்றம் எதை மாற்றுகிறது? நிறுவனத்தின் கவனம் எங்கே குவிகிறது என்பதை மாற்றுகிறது. அந்தக் கவனத்தின் பாதையில் சிமுலேட்டர் அமைந்தபோது வளர்ந்தது. பாதை விலகியபோது வாடியது. கணினி விற்பனை மையமாக இருந்தபோது அது கணினியின் பெருமையைக் காட்டியது. விளையாட்டுப் பெட்டி மையமானபோது அதற்கு இடமில்லை. மேகமும் சந்தாவும் மையமானபோது மீண்டும் இடம் கிடைத்தது. பறப்பவர்களின் அன்பு இந்த நாற்பது ஆண்டிலும் ஒரே அளவில் இருந்தது. ஆனால் முடிவுகளை நிர்ணயித்தது அந்த அன்பு அன்று.

தலைமை மாறாத வழிகள்

இந்தச் சார்பிலிருந்து விலகி நிற்கும் இரண்டு வழிகளும் இதே காலத்தில் வளர்ந்தன.

ஒன்று எக்ஸ்-பிளேன். ஆஸ்டின் மேயர் என்ற பொறியாளர் 1990களின் நடுவில் தொடங்கியது. இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவது இதன் தனித்தன்மை. உருவாக்கியவரின் சிறு நிறுவனமே இன்றும் நடத்துவதால், மைக்ரோசாஃப்ட் வரிசை நின்றிருந்த ஆண்டுகளிலும் இது தடையின்றி வளர்ந்தது. விமான நிலையங்களைப் பயனர்களே வடித்து அனுப்பினால், அடுத்த பதிப்பில் அனைவருக்கும் சேர்த்து வழங்கும் ஏற்பாடும் இதில் உண்டு.

மற்றொன்று ஃபிளைட்கியர். 1996இல் தன்னார்வலர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விலை இல்லை. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். காட்சியில் மைக்ரோசாஃப்ட் பதிப்பின் பொலிவு இதற்கு இல்லை. ஆனால் இதை மூடிவிட எந்தத் தலைமை அலுவலகத்தாலும் முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் உள்ள சாதாரணக் கணினியிலும் ஓடக்கூடியது. பறத்தலோடு நிரலாக்கத்தையும் கற்க விரும்பும் மாணவருக்கு இதன் மூலநிரல் ஒரு பாடநூல்.

ஊர்க்காரர் செய்யக்கூடியது

2020 பதிப்பு வந்த நாள்களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் புறநகரில் 212 மாடிகள் கொண்ட ஊசிபோன்ற கட்டிடம் ஒன்று தோன்றியது. பாவனை விமானிகள் கூட்டமாகச் சென்று அதைச் சுற்றிப் பறந்தார்கள். காரணம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் தன்னார்வலர் ஒருவர் 2 மாடி என்பதற்குப் பதிலாக 212 என்று தட்டச்சு செய்திருந்தார். வரைபடத்தில் அது பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அந்தத் தரவு சிமுலேட்டருக்குள் சென்றுவிட்டது.

வேடிக்கையான இந்நிகழ்ச்சியில் ஒரு பயனுள்ள செய்தி இருக்கிறது. பெருநிறுவனத்தின் மென்பொருளும் ஊர்பேர் தெரியாத தன்னார்வலர் குறித்த தரவின் மேல்தான் நிற்கிறது. எக்ஸ்-பிளேனின் சாலைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் இதே வரைபடம் பயன்படுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் கண்மாய்களையும் ஓடைகளையும் ஊர்ப் பெயர்களையும் சரியாக அறிந்தவர்கள் அவ்வூர்க்காரர்கள்தாம். எந்தக் கண்மாய் ஆண்டு முழுதும் நீருள்ளது, எது மழைக்கு மட்டும் நிரம்புவது என்று குறிப்பதற்கும் அந்த வரைபடத்தில் வழி உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதைச் செய்தால், பறப்பவர்களோடு வெள்ள மீட்பும் நீர் மேலாண்மையும் செய்வோருக்கும் அது உதவும். இன்று ஒரு மென்பொருள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும், நாளை வரும் வேறொன்று பயன்படுத்தும். தலைமை மாறினாலும் தரவு அழியாது.

முடிவுரை

பறத்தல் பாவனை ஆர்வலர்களின் நாற்பது ஆண்டு வரலாறு, பயனர்கள் நேசிக்கும் ஒரு பொருள் அவர்களுக்குச் சொந்தமாக இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தலைமை மாறும்போது அப்பொருள் செழிக்கலாம், அழியலாம். இரண்டிலும் பயனரிடம் கருத்துக் கேட்கப்படுவதில்லை. 2009க்குப் பின் வந்த வறட்சியைத் தாண்ட உதவியவை பயனர்கள் தங்களிடம் வைத்திருந்தவையே: வட்டுகள், இலவச இணைப்புகள், தன்னார்வ வலையமைப்புகள், கட்டற்ற மென்பொருள், திறந்த வரைபடம்.

கரிசல் சீமைக்கு இது புதிய பாடமன்று. பெய்யும் மழையை யாரும் நிர்ணயிக்க முடியாது. பெய்ததைத் தேக்கி வைக்கும் கண்மாய்க் கரையை ஊர்தான் காக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் புதிய சிமுலேட்டர் நல்ல மழை. அதைக் கொண்டு பறந்து கற்பவர்கள் கற்கலாம். கூடவே, தங்கள் கையில் நிற்கும் மென்பொருளையும் வரைபடத்தையும் வளர்த்து வைத்தால், அடுத்த தலைமை மாற்றம் எப்படி அமைந்தாலும் மதுரையிலிருந்து தெற்கே பறக்கும் அந்தப் பத்து நிமிடப் பாதை மறையாது.